ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போதாது: 'க்யூட்' ஆங்கிலத் தாளுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்காக

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வாகிய 'க்யூட்' எழுதுவோருக்காக நாள்தோறும் பத்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ்ப் பொருளுடன் கட்டம் கட்டி வெளியிடுகிறீர்கள். பிளஸ் டூ பிள்ளைகள் பலர் அதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி மனப்பாடம் செய்கிறார்கள். நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் வேலை என்பதில் ஐயமில்லை. ஆனால் 'ஒரு சொல், ஒரு பொருள்' என்ற அந்த அமைப்பை நம்பிப் போகிற பிள்ளை தேர்வறையில் தடுமாறும். ஏன் தடுமாறும், அதே கட்டத்துக்குள் வேறு என்ன அச்சிடலாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சற்று நீளமானது, பொறுத்தருள வேண்டுகிறோம்.

முதலில் தேர்வு எப்படிப்பட்டது என்று பார்த்துவிடலாம். 2025 முதல் 'க்யூட்' ஆங்கிலத் தாளில் 50 கேள்விகள், 60 நிமிடம். சாய்ஸ் கிடையாது. சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறினால் 1 குறையும். உரைப்பகுதிகளைப் படித்து விடையளித்தல், வாக்கியத் துண்டுகளை வரிசைப்படுத்துதல், பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுத்தல், ஒருபொருட் சொல், எதிர்ச்சொல் என்று பாடத்திட்டம் போகிறது. உரைப்பகுதிகளுக்கு உள்ளேயும் 'இந்த வரியில் இச்சொல் என்ன பொருளில் வந்தது' என்ற கேள்வி வரும். ஆகவே தாளின் கணிசமான பகுதி சொல்லறிவின் மேல்தான் நிற்கிறது.

நம் பிளஸ் டூ பொதுத்தேர்விலும் ஒருபொருட் சொல் 3, எதிர்ச்சொல் 3 என்று ஒரு மதிப்பெண் கேள்விகள் உண்டு. அவை பாடநூலில் பிள்ளை ஏற்கெனவே படித்த வரிகளிலிருந்தே வருகின்றன. பாடத்தின் ஓரத்தில் பொருளும் அச்சாகியிருக்கிறது. நினைவிருந்தால் விடை வந்துவிடும். நுழைவுத் தேர்வில் வாக்கியமே புதிது. தெரிந்த சொல் தெரியாத வேடத்தில் வந்து நிற்கும். அங்கே பட்டியலில் படித்த ஒற்றைப் பொருள் உதவுவதைவிடத் திசைதிருப்புவதே அதிகம்.

இந்தப் பட்டியல் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கைக்கு நடக்கும் 'சாட்' தேர்வில் ஒரு காலத்தில் இரண்டு சொற்களுக்கு இடையிலான உறவைக் கேட்கும் சொல்லுறவுக் கேள்விகளும், கோடிட்ட இடம் நிரப்பும் கேள்விகளும் இருந்தன. அவற்றுக்காக ஆயிரக்கணக்கான அரிய சொற்களைக் கொண்ட பட்டியல்கள் தொகுக்கப்பட்டன. சொல்லுறவுக் கேள்விகளை அந்தத் தேர்வே 2005-இல் நீக்கிவிட்டது. தனி வாக்கியத்தில் கோடிட்ட இடம் நிரப்பும் பகுதியும் 2016-இல் போய்விட்டது. உரைப்பகுதியின் சூழலில் ஒரு சொல் என்ன பொருள் தருகிறது என்பதைத்தான் அதன்பின் கேட்கிறார்கள். சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான 'கிளாட்' தேர்வும் 2020 முதல் இப்படித்தான்: சுமார் 450 சொற்கள் கொண்ட உரைப்பகுதி, அதிலிருந்தே கேள்விகள். தேர்வுகள் எல்லாம் மாறிவிட்டன. பழைய பட்டியல்கள் மட்டும் நகலாகி நகலாகி நம் பிள்ளைகளின் கைப்பேசிகளில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஒற்றைத் தமிழ்ப் பொருள் என்ன கேடு செய்கிறது என்பதற்கு 'தடை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல்களில் 'பேன்' என்றாலும் தடை, 'ஸ்டே' என்றாலும் தடை, 'எம்பார்கோ', 'சாங்ஷன்', 'மொரட்டோரியம்', 'டாபூ', 'டெட்டரன்ட்', 'இம்பெடிமென்ட்' எல்லாமே தடைதான். தேர்வில் இவற்றில் நான்கு ஒரே கேள்விக்கு விடைகளாக வந்தால் பிள்ளை எதைத் தொடும்? நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாதே, அது 'பேன்'. நீதிமன்றம் ஓர் உத்தரவை நிறுத்தி வைப்பது 'ஸ்டே'. ஒரு நாட்டுக்கு ஆயுதமோ எண்ணெயோ விற்கக்கூடாது என்பது 'எம்பார்கோ'. 2020-இல் கொரோனா ஊரடங்கின்போது வங்கிக் கடன் தவணைகளைக் கட்டாமல் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது 'மொரட்டோரியம்'. சமூகம் வாய்திறந்து பேசவே கூசுகிற விஷயம் 'டாபூ'. தண்டனை கடுமையாக இருந்தால் மற்றவன் அஞ்சி விலகுவான் என்ற கணக்கில் வருவது 'டெட்டரன்ட்'. வளர்ச்சிக்குக் குறுக்கே கிடக்கும் இடையூறு 'இம்பெடிமென்ட்'. இவற்றை ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதிக் காட்டினால் பிள்ளைக்கு ஒரே மூச்சில் விளங்கிவிடும்.

'ஒத்திவைப்பு' இன்னொரு பொறி. கூட்டம் தொடங்கி நடுவில் நிறுத்தினால் 'அட்ஜர்ன்'. தொடங்கும் முன்பே வேறு நாளுக்குத் தள்ளினால் 'போஸ்ட்போன்'. முடிவெடுப்பதையோ பணம் கட்டுவதையோ பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் 'டெஃபர்'. சட்டப்பேரவையின் கூட்டத்தொடரையே ஆளுநர் முடித்துவைப்பது 'ப்ரொரோக்'. தமிழ்ச் செய்தியில் முதல் மூன்றுக்கும் ஒத்திவைப்பு என்றே எழுதிவிடுகிறோம். நமக்கு அது போதும், தேர்வுக்குப் போதாது.

தமிழுக்குள் ஏற்கெனவே வந்து குடியேறிவிட்ட ஆங்கிலச் சொற்கள் இன்னும் ஆபத்தானவை. தெரிந்த சொல்தானே என்று பிள்ளைகள் அகராதியைப் பார்ப்பதே இல்லை. 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சு' என்று வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் 'சாங்ஷன்' என்றால் ஒப்புதல். 2022-இல் ரஷ்யாவின் மீது மேலை நாடுகள் விதித்தவையும் 'சாங்ஷன்'தான்; அங்கே அது தண்டனையான தடை. ஒரே சொல்லுக்கு நேர்மாறான இரண்டு பொருள். பன்மையில் வந்து 'ஆன்', 'அகென்ஸ்ட்' என்று தொடர்ந்தால் பெரும்பாலும் தடை. வினைச்சொல்லாக வந்து திட்டம், தொகை, விடுப்பு போன்றவற்றைத் தழுவினால் ஒப்புதல் என்று அடையாளம் சொல்லிக்கொடுக்கலாம். 'ஓவர்சைட்' என்பதும் இப்படியே: மேற்பார்வையும் அதுதான், கண்ணில் படாமல் விட்ட பிழையும் அதுதான். 'லோக்கல்' என்றால் தரக்குறைவு என்பது நம் தெருவில் பிறந்த பொருள், ஆங்கிலத்தில் இல்லை. 'சீரியஸ்' என்றதும் மருத்துவமனைதான் நம் நினைவுக்கு வரும்; ஆங்கிலக் கட்டுரையில் ஆழ்ந்த வாசகரையும் அப்படித்தான் சொல்வார்கள். மணமகள் விளம்பரத்தில் நாம் குடும்பப்பாங்கு என்ற பொருளில் போடும் 'ஹோம்லி', அமெரிக்க ஆங்கிலத்தில் முகலட்சணம் இல்லாத என்றாகிவிடும்.

அடுத்தது சொல்லின் தொனி. 'ஃப்ரூகல்', 'பார்சிமோனியஸ்' இரண்டுக்கும் 'சிக்கனமான' என்று போட்டிருக்கும் பட்டியல்கள் உண்டு. முன்னது பாராட்டு, பின்னது பழிப்பு. தமிழில் சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். அந்தத் தமிழறிவைப் பயன்படுத்திக்கொள்ளாமல் பட்டியல் வீணடிக்கிறது. 'நொட்டோரியஸ்' என்பதற்குப் 'புகழ்பெற்ற' என்று படித்த பிள்ளை, விஞ்ஞானியைப் பற்றிய வாக்கியத்தில் அதைக் கொண்டுபோய்ப் பொருத்திவிடும். கெட்ட பெயரெடுத்த என்பதே அதன் சரியான பொருள். 'இண்டிக்னன்ட்' என்பதைக் 'கோபமான' என்று எழுதி வைத்தால் பாதிதான் கிடைக்கும். அநியாயம் கண்டு எழும் கோபம் அது. தமிழில் அறச்சீற்றம் என்று அதற்கு நேரான சொல்லே இருக்கிறது. இப்படி நேராகப் பொருந்தும் தமிழ்ச் சொல் கிடைக்கும் இடத்தில் ஆங்கில விளக்கத்தைவிடத் தமிழே விரைவாகப் புரியவைக்கும். 'பெனல்டிமேட்' என்ற சொல்லுக்குக் கடைசி என்று பொருள் எழுதித் தவறுவோர் ஏராளம். யாப்பிலக்கணத்தில் ஈற்றயல் என்று படித்திருக்கிறார்களே, கடைசிக்கு முந்தியது, அதுவேதான் என்று ஒருமுறை சொன்னால் மறக்கவே மறக்காது. ஆகவே தமிழ்ப் பொருளே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. சரியான தமிழ்ப் பொருள் வேண்டும் என்கிறோம்.

நம் பழைய நிகண்டுகள் இதை அறிந்திருந்தன. அகரவரிசையில் அடுக்காமல் மக்கள், விலங்கு, மரம், இடம், பண்பு, செயல், ஒலி என்று பொருள்வாரியாகத் தொகுத்தார்கள். ஒரு சொல்லுக்குப் பல பொருள் வருவதற்கென்றே தனித் தொகுதி வைத்தார்கள். ஆங்கிலச் சொற்களுக்கும் அதே வழி பொருந்தும். 'ஏ' எழுத்தில் தொடங்கும் ஐம்பது சொற்களை ஒரே வாரத்தில் படித்தால் 'அபேட்', 'அபெட்', 'அப்ஜூர்', 'அட்ஜூர்' எல்லாம் ஒன்றோடொன்று குழம்பிப்போகும். ஒலி ஒத்த சொற்களை ஒரே நாளில் புதிதாகக் கற்கக்கூடாது. ஒன்று நன்றாகப் பதிந்து இரண்டு வாரமான பின்பு மற்றதைச் சேர்க்க வேண்டும்.

எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோர் அதிகம் தவறுவது இதில்தான். ஒரு நாளைக்கு ஐம்பது சொல் என்று தொடங்கும் பிள்ளை இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுவதற்குக் காரணம் சோம்பல் இல்லை, கணக்கு. ஒருமுறை படித்தது மறக்காமல் இருக்க, மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று நான்கு முறையாவது திரும்பப் பார்க்க வேண்டும். ஐம்பது சொல் வீதம் போனால், எட்டாம் நாளிலேயே புதிய ஐம்பதோடு பழைய 150 சொற்கள் மறுபார்வைக்கு வந்து நிற்கும். மூன்று வாரத்தில் அது 200 ஆகும். புதிய சொல்லுக்கு மூன்று நிமிடம், பழையதற்குக் கால் நிமிடம் என்று வைத்தால் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கணக்குப்பதிவியலும் பொருளியலும் எப்போது படிப்பது?

எட்டுச் சொல் என்று வைத்துப் பாருங்கள். புதியவை எட்டுக்கு 24 நிமிடம், மறுபார்வை அதிகபட்சம் 32 சொற்களுக்கு 8 நிமிடம். அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. வாரத்தில் ஐந்து நாள் புதிய சொல், மீதி இரண்டு நாள் மறுபார்வை மட்டும் என்று வைத்தால் 20 வாரத்தில் 800 சொல். ஒவ்வொன்றின் குடும்பத்தையும், அதாவது அதிலிருந்து பிறந்த பிற சொற்களையும், சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தொடும். 'க்யூட்' பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்குவதால், நவம்பரில் ஆரம்பித்தால் பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் புதிய சொற்களை நிறுத்திவைத்து, மறுபார்வையை மட்டும் ஓட்டிவிட்டு, ஏப்ரலில் மீண்டும் தொடரலாம். மறதி எப்படி வேகமாக ஏறுகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே தன்னையே சோதித்து எழுதிவிட்டார். இந்த இடைவெளி முறையெல்லாம் அதன் வழிவந்ததே.

மறுபார்வை என்றால் நோட்டைத் திறந்து கண்ணை ஓட்டுவது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். கண் ஓடும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். மூடிவிட்டுக் கேட்டால் வாய் திறக்காது. ஏ4 தாளை நான்காக வெட்டிக்கொள்ளலாம். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல் மட்டும், மறுபக்கம் மற்றதெல்லாம். முதலில் மனத்துக்குள் விடை சொல்லிவிட்டுத்தான் திருப்பிப் பார்க்க வேண்டும். மேலே சொன்ன நான்கு இடைவெளிகளுக்கும் ஆளுக்கொரு பெட்டி; தெரிந்தால் அடுத்த பெட்டிக்கு அட்டை நகரும். தெரியாவிட்டால் முதல் பெட்டிக்கே திரும்பும். பழைய மிட்டாய் டப்பா நான்கு இருந்தால் போதும். கைப்பேசியில்தான் படிப்பேன் என்கிற பிள்ளைக்கு 'ஆங்கி' என்ற செயலி இந்த இடைவெளிகளைத் தானே கணக்கிட்டுக் கொடுக்கும். ஆண்டிராய்டில் இலவசம்; ஐபோனில் விலை உண்டு. அதில் பிறர் செய்து வைத்த பத்தாயிரம் அட்டைத் தொகுப்பை இறக்கிக்கொள்வதில் பயனில்லை. தானே எழுதிச் செய்யும்போதுதான் பாதிக்கு மேல் மனத்தில் ஏறுகிறது.

அட்டையின் பின்பக்கத்தில் என்ன எழுதுவது? 'மிட்டிகேட்' என்ற சொல்லை வைத்துச் சொல்கிறோம். தமிழ்ப் பொருள்: தீமையின் கடுமையைத் தணித்தல், அடியோடு நீக்குவது ஆகாது. இந்த இரண்டாம் பாதிதான் முக்கியம், ஏனென்றால் விடைத் தெரிவுகளில் 'எலிமினேட்' என்று ஒன்று காத்திருக்கும். எதனோடு சேர்ந்து வரும்: ஆபத்து, பாதிப்பு, சேதம், வலி. மனிதரை 'மிட்டிகேட்' செய்ய முடியாது. எதிர்ச்சொல் 'அக்ரவேட்'. குடும்பத்தில் 'மிட்டிகேஷன்', 'அன்மிட்டிகேட்டட்'. பின்னதற்குச் சற்றும் குறையாத, முழுமையான என்று பொருள் வரும், பேரழிவோடு அடிக்கடி சேரும். குழப்பும் சொல் 'மிலிட்டேட்'; அது பெரும்பாலும் 'அகென்ஸ்ட்' என்பதோடு வந்து, ஒன்றுக்கு எதிராகச் செயல்படுவதைக் குறிக்கும். கடைசியாகச் செய்தித்தாளில் கண்ட ஒரு முழு வாக்கியம்: வெள்ளப் பாதிப்பைத் தணிக்க சதுப்புநிலம் உதவுகிறது என்பது போல. அவ்வளவுதான், ஆறு வரி. எல்லாச் சொல்லுக்கும் ஆறு வரியும் நிரம்பாது, நிரப்பவும் வேண்டாம். எதனோடு சேர்ந்து வரும் என்ற வரியை மட்டும் ஒருபோதும் விடக்கூடாது. பொருத்தமான சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேள்விகள் பெரும்பாலும் அதைத்தான் சோதிக்கின்றன. தமிழில் கனமழை, பலத்த காற்று, கடுங்காய்ச்சல் என்கிறோம். கனக்காற்று என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கிலத்திலும் 'ஹெவி' மழைக்கு, 'ஸ்ட்ராங்' காற்றுக்கு, 'ஹை' காய்ச்சலுக்கு. 'டிவாய்ட்' வந்தால் 'ஆஃப்' வரும், 'அவெர்ஸ்' வந்தால் 'டு' வரும். இவற்றுக்கு விதி சொல்லி மாளாது. சேர்த்தே படித்துவிட வேண்டும்.

அதே வகைக் கேள்வியில் இன்னொரு கண்ணி, வால் மட்டும் மாறும் இரட்டைகள். 'இண்டஸ்ட்ரியல்' தொழில்துறைக்கு, 'இண்டஸ்ட்ரியஸ்' கடும் உழைப்பாளிக்கு. 'கன்சிடரபிள்' கணிசமானது, 'கன்சிடரேட்' பிறர் நிலையை எண்ணி நடப்பவர். 'எகனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது, 'எகனாமிகல்' செலவைக் குறைப்பது. திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் பெயர்ப்பலகையிலிருந்து 'எஃப்ளுயன்ட்' தெரியும். முதலெழுத்தை மாற்றினால் 'அஃப்ளுயன்ட்', செல்வச் செழிப்புள்ள. பெயர்ப்பலகையை நினைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது.

வேர்ச்சொல் வழியாகப் படிப்பது நல்ல முறை, ஓர் எல்லை வரை. நம்புதல் என்ற பொருள் தரும் லத்தீன் வேர் 'க்ரெட்'. இதிலிருந்து 'க்ரெடிட்', நம்பத்தகுந்த 'க்ரெடிபிள்', எதையும் எளிதில் நம்பிவிடும் 'க்ரெடுலஸ்', நம்ப மறுக்கும் 'இன்க்ரெடுலஸ்' எல்லாம் ஒரே மூச்சில் கிடைக்கும். பேசுதலுக்கான 'லோக்' வேரிலிருந்து 'எலொக்வன்ட்', 'லொக்வேஷியஸ்', 'கொலோக்வியல்', 'சொலிலொக்வி'. இப்படி 30 வேர்களைத் தெரிந்துகொண்டால் போதும். அதற்குமேல் போனால் ஊகம் தலைக்கேறிவிடும். 'பெட்' என்ற ஒலி லத்தீனில் பாதம். கிரேக்கத்திலிருந்து வந்தால் குழந்தை. பாதசாரியும் குழந்தை மருத்துவரும் உறவினரல்லர். முன்னொட்டாக 'இன்' வந்தாலே இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். டேங்கர் லாரியின் முதுகில் சிவப்பில் எழுதியிருக்கும் 'இன்ஃப்ளேமபிள்' என்பதற்கு எளிதில் தீப்பற்றும் என்று பொருள். தீப்பற்றாத என்று எழுதி வைப்பது உயிருக்கே ஆபத்து. 'இன்வேல்யுவபிள்' மதிப்பற்றது அன்று, நம் தமிழின் விலைமதிப்பற்ற என்பதைப் போன்றது. 'எனர்வேட்' எனர்ஜி போல ஒலித்தாலும் வலுவைக் கரைப்பது. 'நாய்ஸம்' சத்தத்தோடு தொடர்பில்லாதது, துர்நாற்றம் வீசுவது. 'ரெஸ்டிவ்' ஓய்வாக இருப்பதற்கு நேர் எதிர், அடங்காமல் துடிப்பது. வேரை வைத்து ஊகித்த எந்தப் பொருளையும் அகராதியில் சரிபார்க்காமல் அட்டையில் எழுதக்கூடாது.

எந்த அகராதி என்று கேட்பார்கள். ஆங்கிலம் கற்போருக்கென்றே தயாரித்த ஆங்கில அகராதி ஒன்று அவசியம். லாங்மன் வெளியிடும் கற்போர் அகராதியில் சுமார் 2000 எளிய சொற்களைக் கொண்டே எல்லா விளக்கங்களும் எழுதப்பட்டிருக்கும். தமிழ்வழியில் படித்த பிள்ளையும் தைரியமாகத் திறக்கலாம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தமிழ்ப் பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம். கூகுள் மொழிபெயர்ப்பில் தனிச்சொல்லைப் போட்டுப் பொருள் பார்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும். சூழல் இல்லாமல் அது தருவதும் ஒற்றைப் பொருளே.

எந்தச் சொற்களை முதலில் எடுப்பது? அரிய சொற்களிலிருந்து தொடங்குவது வீண். நியூசிலாந்தின் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஆவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட கல்விச்சொல் பட்டியல் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் 570 சொற்குடும்பங்கள். கல்விசார் நூல்களில் வரும் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவையே. பத்து உட்பட்டியல்கள், அதிகம் வருபவை முதலில். நம் பிளஸ் டூ பிள்ளைக்கு முதல் மூன்று உட்பட்டியல்களில் பெரும்பாலானவை பாடநூல் வழியாகத் தெரிந்தேயிருக்கும். தெரியாதவற்றை மட்டும் அட்டையாக்கினால் போதும். மீதியைத் தினமும் படிக்கும் தலையங்கத்திலிருந்தும், முந்தைய ஆண்டு வினாத்தாள்களிலிருந்தும் எடுக்கலாம். இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒரு சொல்லைக் கண்டால்தான் அதற்கு அட்டை என்று விதி வைத்துக்கொண்டால், வாழ்நாளில் ஒருமுறை வரும் சொற்கள் தாமே வடிகட்டப்பட்டுவிடும்.

தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. ஒரே செய்தியைத் தமிழ் நாளிதழில் முதலில் படிக்க வேண்டும், பிறகு ஆங்கில நாளிதழில். ரிசர்வ் வங்கி வட்டி விகிதம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, புயல் எச்சரிக்கை போன்றவை இரண்டிலும் வரும். செய்தி ஏற்கெனவே தெரிந்துவிட்டதால் ஆங்கிலத்தில் தெரியாத சொல் எதைக் குறிக்கிறது என்று ஊகிப்பது எளிது. நாளுக்கு ஒரு செய்தி, 20 நிமிடம். முதல் சில வாரங்களில் ஆங்கில வாக்கியம் மிரட்டினால், 'வழக்கமாக வாய் ஓயாத அமைச்சர் அன்று மட்டும் ரெட்டிசென்ட் ஆக இருந்தார்' என்று தமிழ் வாக்கியத்துக்குள் புதிய சொல்லைப் பொதிந்து கொடுக்கலாம். பேச்சை அடக்கிக்கொண்டவர் என்று யாரும் சொல்லாமலே விளங்கும். 'மட்டும்', 'ஆயினும்' போன்ற திருப்பங்கள் பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன என்பதும் புரியும். அதன்பின் ஆங்கிலத்தில் 'ஆல்தோ', 'டெஸ்பைட்', 'நெவர்தலெஸ்' வரும் இடங்களில் கண் தானாக நிற்கும்.

தேர்வறைக்கு மூன்று செய்திகள். விடைத் தெரிவுகளைப் பார்க்கும் முன், கோடிட்ட இடத்துக்குத் தன் சொல் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். தமிழ்ச் சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. முதலில் தெரிவுகளைப் படித்தால் நான்குமே பொருந்துவதாகத் தோன்றும். எதிர்ச்சொல் கேட்கும் கேள்வியில் ஒருபொருட் சொல் ஒன்று பெரும்பாலும் தெரிவுகளுக்குள் இருக்கும்; அவசரத்தில் அதைத் தொடுவோர் மிகப் பலர். ரஃப் தாளில் 'எதிர்' என்று எழுதிவிட்டுப் பிறகு தெரிவுகளுக்குப் போகலாம், ஒரு நொடிதான் ஆகும். மூன்றாவது மதிப்பெண் கணக்கு. மைனஸ் மார்க் என்ற பயத்தில் பாதி தெரிந்த கேள்வியையும் விட்டுவிடுகிறார்கள். நான்கில் இரண்டைத் தொனியாலோ சொல்வகையாலோ கழித்துவிட முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைத் தொடுவதில் சராசரியாக 2 மதிப்பெண் லாபம். ஒன்றை மட்டும் கழிக்க முடிந்தாலும் 1 மதிப்பெண் லாபம். எதையுமே கழிக்க முடியாதபோதுகூட அரை மதிப்பெண் லாபமே, ஆனால் அத்தகைய கேள்வியில் ஒரு நிமிடம் செலவழிக்கக்கூடாது. சராசரியாக ஒரு கேள்விக்கு 72 நொடி. தனிச்சொல் கேள்விகளை 30 நொடிக்குள் முடித்தால்தான் உரைப்பகுதிக்கு நேரம் மிஞ்சும்.

இனி எங்கள் வேண்டுகோள். பத்துச் சொல் வேண்டாம், நான்கு போதும். ஒவ்வொன்றுக்கும் தொனியோடு கூடிய தமிழ்ப் பொருள், சேர்ந்து வரும் சொற்கள் இரண்டு, குழப்பும் சொல் ஒன்று, அன்றைய தங்கள் முதல் பக்கச் செய்தியிலிருந்தே ஒரு வாக்கியம். இப்போதுள்ள கட்டத்தின் அளவே இதற்குப் போதுமானது. திங்களன்று வந்த நான்கையும் செவ்வாய், வியாழன், அடுத்த திங்கள் ஆகிய நாட்களில் கட்டத்தின் அடியில் பொருள் இல்லாமல் சொல்லாக மட்டும் மீண்டும் அச்சிட வேண்டும்; விடை வேறு பக்கத்தில் இருக்கட்டும். வாரம் ஒருநாள் 'தடை', 'ஒத்திவைப்பு' போல ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து அதற்குள் அடங்கிய ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் காட்டலாம். வருத்தம், உதவி, ஒப்பந்தம், பழக்கம், முயற்சி என்று முதல் ஐந்து வாரத்துக்கான சொற்களை வாக்கியங்களுடன் எழுதித் தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். இதற்கு ஊதியம் எதுவும் வேண்டாம். நீலக்குடியில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பேருந்தில் போய்வரும் தூரம்தான். ஆனால் அங்கு இளநிலைப் படிப்பில் சேர இந்தத் தேர்வைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. அடுத்த கல்வியாண்டுக்கான கட்டத்தைத் தொடங்கும் முன் தங்கள் முடிவைத் தெரிவித்தால், முதல் வாரத்துச் சொற்களை உடனே அனுப்பி வைக்கிறோம்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
திருவாரூர் மாவட்டம்.